டுகாட்டி 748: பெல்ட்டின் வயதும் பராமரிப்பு ஏட்டின் முத்திரையும்

விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு டுகாட்டி 748, அதாவது ஒரு இத்தாலிய ஸ்போர்ட்ஸ் பைக், பற்றி நண்பர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வண்டி. ஆனால் மிகக் குறைந்த தூரமே ஓடியிருக்கிறது, பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை, ஆகவே துணிந்து வாங்கலாம் அல்லவா என்பது அவருடைய கேள்வி. அதே மாடல் வண்டி ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கிப் பல ஆண்டுகளாக நானே பராமரித்து வருவதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். குதிரைத்திறன், எடை, அளவுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த வண்டி விஷயத்தில் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது ஒன்றுதான்: விற்பவர்கள் ‘குறைவாக ஓடியது’ என்பதை நற்சான்றிதழாக நீட்டுகிறார்கள், வாங்குபவர்களும் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

இந்த எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுகளைச் சுழற்றுபவை, சிலிண்டருக்கு ஒன்றாக, இரண்டு ரப்பர் பல் பெல்ட்டுகள். அவற்றை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். இந்த வரம்பில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. ஆனால் விளம்பரம் எழுதுபவர்கள் முதல் பாதியை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நிறுத்தியே வைக்கப்பட்ட வண்டியில் பெல்ட்டின் அதே பகுதி அதே புல்லியின் மேல் மாதக்கணக்கில் வளைந்தே கிடக்கிறது. ரப்பரும் தன்பாட்டுக்கு இறுகிப்போகிறது. பெல்ட் அறுந்தாலோ ஒரு பல் தாண்டினாலோ திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும்; அதன்பின் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் ஆண்டுதோறும் ஓட்டப்பட்டு, உரிய காலத்தில் பெல்ட் மாற்றப்பட்ட வண்டியே, பத்து ஆண்டுகள் போர்வைக்குள் பத்திரமாக நின்ற வண்டியைவிடப் பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

பெல்ட்டோடு வேலை முடிந்துவிடுவதில்லை. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி 1956-இல் 125 சிசி பந்தய வண்டியில் கொண்டுவந்த ‘டெஸ்மோ’ என்ற வால்வு அமைப்பின் வழித்தோன்றல்தான் இதில் இருப்பதும். வால்வைத் திறக்க ராக்கர் என்ற சிறு நெம்புகோல் ஒன்று இருப்பதுபோலவே, மூடும் வேலையைச் சுருள்வில்லிடம் விட்டுவிடாமல் அதற்கும் தனியாக ஒரு ராக்கர் வைத்திருக்கிறார்கள். எட்டு வால்வுகளுக்கும் திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று என்று பதினாறு இடைவெளிகளை அளந்து, தேவையான இடத்தில் ஷிம்மை, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் சிறு உலோகத் துண்டை, மாற்ற வேண்டும். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யவேண்டிய இந்த வேலை, பொறுமையுள்ள மெக்கானிக்குக்கே ஒருநாளைத் தின்றுவிடும். நேரம் பிடிக்கும் வேலை என்பதால்தான், செய்யாமலேயே செய்ததாக எழுதிவிடும் ஆசை சிலருக்கு வருகிறது.

என் வண்டியோடு வந்த பராமரிப்பு ஏட்டில் வால்வு இடைவெளி சரிபார்க்கப்பட்டதாகவும் பெல்ட்டுகள் மாற்றப்பட்டதாகவும் ஒரு பட்டறையின் முத்திரை இருந்தது. அதை நம்பி நெடுந்தூரம் ஓட்டும் முன்பே எஞ்சினைத் திறந்தேன். முன் சிலிண்டரின் வால்வு மூடித் திருகுகளில் ஆலன் கீ பட்டுத் தேய்ந்த தடம் இருந்தது. டேங்க்கைக் கழற்றி, இடுக்குக்குள் கைவிட்டால் மட்டுமே எட்டக்கூடிய பின் சிலிண்டரின் திருகுகளிலோ பூச்சுகூடக் கலையவில்லை. கைக்கு எட்டியதைச் செய்துவிட்டு எட்டாததற்கும் சேர்த்து முத்திரை குத்தியிருக்கிறார்கள். பெல்ட்டுகள் புதியவைதான், ஆனால் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தன. அப்படி இறுக்கினால் பெல்ட் பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இறுக்கத்தின் பளு முழுவதும் பெல்ட் ஓடும் உருளைகளின் பேரிங்குகள் மேல் விழுந்து அவற்றைத் தின்னத் தொடங்கும். அந்தப் பட்டறையின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஓடும்போது எஞ்சின் உடைந்திருந்தால் அந்த இரண்டு சக்கரங்களின் மேல் இருந்திருப்பது நான்.

இதே வேலைதான் பிறகு எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சியாகவும் மாறியது என்பதைச் சொல்லாவிட்டால் வண்டிக்கு அநியாயம் செய்தவனாவேன். பெல்ட்டின் இறுக்கத்தைக் கேட்டே அளக்கலாம்: புல்லிகளுக்கு இடைப்பட்ட நீளப் பகுதியைத் தம்புராவின் தந்தியைப்போலச் சுண்டிவிட்டு, அதன் அதிர்வெண்ணைக் கைப்பேசியின் ஒலிவாங்கியால் பிடித்தால், இந்த எஞ்சினுக்கு ஏறத்தாழ 110 ஹெர்ட்ஸ் வரவேண்டும். ஷிம் மாற்றுவது இன்னும் நுணுக்கமானது. மூடும் பக்கத்து ஷிம்மைத் தாங்கி நிற்பவை வால்வுத் தண்டின் பள்ளத்தில் அமரும் இரண்டு அரை வளையங்கள். நகத்துணுக்கு அளவே இருக்கும். அவற்றை எடுக்கும்போது வால்வு உள்ளே நழுவிவிடாமலிருக்க அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வளையங்கள் எஞ்சினுக்குள் விழுந்துவிடாமலிருக்க எண்ணெய் இறங்கும் துளைகளைத் துணியால் அடைக்க வேண்டும். ஷிம்மைத் தேய்த்துப் போட்டு, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு மெல்லிய பிடிப்போடு வழுக்கிச் செல்லும் அந்த நேரத்தில் கிடைக்கும் நிறைவை வேறு எந்த வண்டியிலும் நான் அடைந்ததில்லை. பின் சிலிண்டரையும் முறையாகச் சரிசெய்த பிறகு, குறைந்த வேகத்தில் இருந்த இழுப்பும் திணறலும் அடங்கி, த்ராட்டிலைச் சற்றுத் திறந்தாலே எஞ்சின் சீராக ஏறியது. வடிவமைப்பாளர் மாசிமோ தம்புரினி வரைந்து 1993-இல் மிலானில் காட்சிக்கு வந்த டுகாட்டி 916-இன் சேஸியே இதற்கும் என்பதால், வளைவுகளில் அதன் நிதானத்தைப் பற்றி நான் புதிதாகப் புகழ வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலர் கிளட்ச் கடகடக்கும். அது கோளாறு அல்ல, கிளட்சின் இயல்பு. மணிக்கட்டு வலிக்கும். நெரிசலில் சீட்டுக்கடியில் ஓடும் புகைக்குழாய்கள் தொடையைச் சுடும். இவை எதுவும் வாங்காமல் விடுவதற்கான காரணங்கள் அல்ல. ஆனால் 748, அதன் பெரிய உடன்பிறப்பான 996 ஆகியவற்றின் காலத்து எஞ்சின்களில் ராக்கர்களின் கடினக் குரோம் பூச்சு உரிவது நன்கு அறியப்பட்ட குறை. எண்ணெய் வடிகட்டியில் உலோகச் செதில்கள் தென்பட்டால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இப்போது டுகாட்டியே இந்தச் சுமையைக் குறைத்துக்கொண்டு வருகிறது. 2020-இல் அறிமுகமான மல்டிஸ்ட்ராடா V4-இல் டெஸ்மோவைக் கைவிட்டுச் சுருள்வில்லுக்குத் திரும்பி, வால்வு சரிபார்ப்பை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று ஆக்கினார்கள். அறிவுக்குச் சரியான முடிவுதான். ஆனாலும் அந்த எஞ்சினுக்காக என்னுடைய 748-ஐ மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வராது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொல்வது, இப்போதைய நிலையில் அந்த வண்டியை வாங்க வேண்டாம் என்பதுதான். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டதற்கு, “வண்டி ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?” என்று விற்பவர் பதில் சொன்னாராம். அந்தப் பதிலைக் கேட்டபிறகு மீட்டரில் உள்ள எண்ணை நான் பொருட்படுத்தவே மாட்டேன். வண்டி மேல் அவ்வளவு ஆசை என்றால், பெல்ட் மாற்றுவதும் பதினாறு இடைவெளிகளையும் சரிபார்ப்பதும் முதல் நாளிலேயே நம் தலையில் விழும் செலவு என்று விலையில் கழித்துப் பேசட்டும். பேரம் பேசும் முன், வால்வு மூடித் திருகுகளைப் பார்க்க டேங்க்கைத் தூக்கவும், பெல்ட் மூடியைக் கழற்றவும் சம்மதம் கேட்கட்டும். அதற்கு விற்பவர் மறுத்தால் விலையைக்கூடக் கேட்காமல் திரும்பி வந்துவிட வேண்டும்.