14,500 ரூபாய் போச்சு: வீடியோவுக்கு கிராஃபிக்ஸ் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனிக்க

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் ஒரு டிசைனிங் கடை என்னிடம் வாங்கிய 14,500 ரூபாயைத் தர முடியாது என்று நேற்று சாயங்காலம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. பெயரைப் போடவில்லை. ஃபிளெக்ஸ், கல்யாண ஆல்பம், பத்திரிகை எல்லாம் செய்து தருகிற மாடிக்கடை, ஏசி அறை, பெரிய மானிட்டர். இந்த மாதிரிக் கடை தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. அதனால் நம் மாவட்டத்தில் எடிட்டிங் செய்கிற எல்லோரும் படியுங்கள்.

நான் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறவன். கொல்லங்கோட்டில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு, மண்டபத்து எல்இடி திரையில் ஓட்ட ஒரு வீடியோ கேட்டார்கள். பழைய ஆல்பத்திலிருந்து அறுபது ஃபோட்டோ, பேசுகிறவர்களின் பெயரைத் திரையில் காட்டும் பெயர்ப்பட்டை, ஒரு டைட்டில், அவர் வேலை பார்த்த ஊர்களைக் காட்டும் ஒரு வரைபடம். எல்லாம் ஃபுல் எச்டி. கல்யாண சீசன், ஷூட்டிங் நெருக்கடி, அதனால் ஸ்கேனிங்கையும் கிராஃபிக்ஸையும் வெளியே கொடுத்தேன்.

அந்தக் கடையில் இருந்த ஆள் பேசிய பேச்சு இருக்கிறதே. நான் வாயைத் திறக்கும் முன்பே, "1920-க்கு 1080 தானே அண்ணே? ஸ்கொயர் பிக்சல். எழுத்து எல்லாம் டைட்டில் சேஃபுக்குள்ள வச்சிருதேன். பட்டைக்கு ஆல்ஃபாவோட பிஎன்ஜி தாறேன்" என்றார். 1920-க்கு 1080 என்பது ஃபுல் எச்டி படத்தில் இருக்கும் பிக்சல், அதாவது புள்ளிகளின் கணக்கு. ஸ்கொயர் பிக்சல் என்றால் புள்ளி சதுரமாக இருப்பது. டைட்டில் சேஃப் என்றால் ஓரத்தில் எழுத்து வெட்டுப்படாத உள்பகுதி. ஆல்ஃபாவோடு பிஎன்ஜி என்றால் பின்னணி டிரான்ஸ்பரன்டாக, அடியில் ஓடும் வீடியோ தெரிகிற மாதிரியான படம். இந்த வார்த்தைகளைச் சொல்கிற டிசைனர் நம் பக்கம் எத்தனை பேர்? முக்கால்வாசிப் பேருக்கு அச்சு வேலைதான் தெரியும். அப்புறம் மானிட்டரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறந்து, பெரிதாக்கிக்கொண்டே போய், அதில் இருந்த அம்மாவின் மூக்குத்திக் கல் தனியாகத் தெரிகிற வரைக்கும் காட்டினார். "நமக்க ஸ்கேனருக்க தரம் பாத்தீங்களா?" சாயா வந்தது. "முழுசா போட்டு விட்டிருங்க, இன்னைக்கே பையனை உக்கார வச்சிருதேன். ஒண்ணும் பேடிக்காண்டாம்." அங்கேயே ஜிபே செய்தேன், 14,500. பதிலுக்குக் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

பென்டிரைவ் வந்தது. முதல் பெயர்ப்பட்டையை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டேன். பட்டையைச் சுற்றிச் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக நிற்கிறது! பின்னணி டிரான்ஸ்பரன்ட் என்று காட்டுவதற்காக மென்பொருள் திரையில் போடும் கட்டம் அது. இங்கே படத்தோடு படமாகப் பதிந்தே கிடக்கிறது. ஃபைல் என்னவென்று பார்த்தால் ஜேபிஜி. ஜேபிஜியில் டிரான்ஸ்பரன்ட் பின்னணி வைக்கவே முடியாது, இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நெட்டில் கிடைத்த ஏதோ பட்டையை எடுத்து மேலே பெயரை ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரும் ஒழுங்காக இல்லை. கொல்லங்கோடு என்பதில் முதல் எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் தன் ஊர்ப் பெயரைப் பெரிய திரையில் இப்படிப் பார்க்க வேண்டுமாம்.

ஃபோட்டோக்கள் அதற்கு மேல். அறுபதும் 1920-க்கு 1080 தான், சொன்ன அளவு மாறவில்லை. ஆனால் 16:9 என்கிற அகலத்திரை வடிவத்துக்குப் பொருத்த அகலவாக்கில் இழுத்துவிட்டதால் ஒவ்வொருவர் முகமும் பூசணிக்காய். பல படங்களை ஸ்கேனே செய்யவில்லை, மொபைலில் எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் டியூப்லைட்டின் பளபளப்பு ஆசிரியரின் நெற்றி மேலேயே விழுந்திருக்கிறது, ஓரத்தில் ஃபோட்டோவைப் பிடித்திருக்கும் கட்டை விரல். கேட்டால் "300 டிபிஐ போட்டிருக்கோமே" என்கிறார்கள். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. ஃபைலுக்குள் 300 என்று இருந்தாலும் 72 என்று இருந்தாலும் வீடியோவுக்கு ஒன்றுதான், பிக்சல் எத்தனை என்பதுதான் கணக்கு. ஸ்கேன் செய்யும்போதுதான் டிபிஐ முக்கியம். 6-க்கு 4 அங்குலப் படத்தை 300-ல் எடுத்தால் 1800-க்கு 1200 பிக்சல் கிடைக்கும், திரை அகலத்துக்கே கொஞ்சம் குறைவு. முகத்தை நோக்கி மெதுவாக ஜூம் போக வேண்டுமென்றால் 600-ல் எடுத்து 3600-க்கு 2400 வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடம் அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற முறையில் இருந்தது, என் எடிட்டிங் மென்பொருள் உள்ளே எடுக்கவே இல்லை.

ஃபோன் செய்தேன். "மொபைல்ல பாத்தோமே அண்ணே, நல்லாத்தானே இருக்கு?" ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் என் சாஃப்ட்வேர் பழசு என்றார்கள். அப்புறம் செய்த பையன் வேளாங்கண்ணி போயிருக்கிறான் என்றார்கள். ஓனர் எப்போதும் திருவனந்தபுரத்தில். நேற்று நேரில் போய் நின்றால், அன்றைக்கு அண்ணே அண்ணே என்று சாயா கொடுத்த அதே ஆள், "ஆர்டர் எடுத்தா ரீஃபண்ட் கெடையாது சார்" என்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். 14,500 ரூபாய்! ஆல்பத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தால் ஆசிரியரின் கல்யாணப் படத்தில் மூலை கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருக்கிறது. பணத்தையாவது சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த வீட்டில் போய் இதை எப்படிக் கொடுப்பேன்?

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பெயர்ப்பட்டையைச் செய்து வாங்கி, ஓடுகிற வீடியோ மேல் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுங்கள். அவர் மானிட்டரில் காட்டுவது எதற்கும் அத்தாட்சி இல்லை. வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் வாங்காதீர்கள், சுருங்கிவிடும், டாக்குமென்டாகக் கேளுங்கள். ஃபோட்டோஷாப்பில் தமிழ் உடைந்தால் டைப் செட்டிங்கில் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைப் போடச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டை பில் என்று நம்பாதீர்கள். ஒரிஜினல் ஃபோட்டோவைக் கடையில் விடவே விடாதீர்கள், பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்து வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லப் போகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, தேவைப்பட்டால் அங்கேயும் போவேன். ஞாயிற்றுக்கிழமை விழா, அறுபது படத்தையும் நான் முதலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும்.