ஒயிட்போர்டிலிருந்து தரவு எடுக்கும் கருவி: ஆவணம் எழுதியவளின் இரண்டு ஆண்டு அனுபவம்

மீரோ என்ற ஆன்லைன் ஒயிட்போர்டில் ஒட்டிய ஸ்டிக்கி நோட்டுகளை இழுத்து வந்து அட்டவணையாகக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்று எங்கள் குழுவில் இருக்கிறது. கோட் எழுதியது இன்னொருவர். அதற்கு ஆவணம் எழுதுவதும், காலாண்டு ரெட்ரோ (நடந்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) முடிந்ததும் அதை ஓட்டுவதும் இரண்டு ஆண்டுகளாக என் வேலை. கருவி நன்றாக இருக்கிறது, இன்றைக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனால் முதலில் எழுதிய ஆவணத்தில் பாதிக்கு மேல் நானே அழித்துவிட்டேன்.

மீரோவிடம் ஒரு நிரல் தரவு கேட்கும் வழியான ரெஸ்ட் ஏபிஐயின் இரண்டாம் பதிப்பில் என்னென்ன எண்ட்பாயிண்ட் (கேட்கும் முகவரி) உண்டு, எதற்கு என்ன பாராமீட்டர் என்று எல்லாவற்றையும் அந்த முதல் ஆவணத்தில் வரிசையாக எழுதியிருந்தேன். அதெல்லாம் மீரோவின் டெவலப்பர் பக்கங்களிலேயே தெளிவாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் கேட்டது வேறு. போர்டில் கண்ணால் பார்க்கிற இந்த மஞ்சள் நோட்டு, ஃபைலில் எந்த வரியாக வருகிறது? இதற்கு என் ஆவணத்தில் பதிலே இல்லை.

இப்போது முதல் பக்கத்தில் இரண்டே விஷயம்தான். இடதுபக்கம் ஒரு போர்டின் ஸ்கிரீன்ஷாட், வலதுபக்கம் அதே போர்டுக்கு ஏபிஐ அனுப்பிய ஜேசான், அதாவது தரவை எழுத்தாகத் தரும் வடிவம். ஒரே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வரிக்கு வரி விளக்கம். நாம் தட்டிய வாக்கியம் வெறுமனே வராது, எச்டிஎம்எல் பத்தி டேகுக்குள் சுற்றப்பட்டு வரும், உரித்துத்தான் எடுக்க வேண்டும். நோட்டின் நிறம் ஸ்டைல் பகுதிக்குள் இருக்கும். யார் ஒட்டினார்கள் என்ற இடத்தில் ஓர் ஐடி எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. இந்த ஒரு பக்கம் வந்த பிறகு எனக்கு வரும் கேள்விகள் பெருமளவு குறைந்துவிட்டன.

அப்புறம் எக்ஸ், ஒய், அதாவது நோட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் எண்கள். அதிகம் திருத்தி எழுதியது இந்தப் பகுதியைத்தான். ஒயிட்போர்டில் அர்த்தமே இடத்தில்தான் இருக்கிறது. 'நன்றாகப் போனது' என்ற தலைப்புக்குக் கீழே ஒட்டியதால்தான் ஒரு நோட்டுக்கு அந்தப் பொருள். ஏபிஐ நமக்குத் தருவது இரண்டு எண்கள், அவையும் நோட்டின் நடுப்புள்ளிக்கு உரியவை, மூலைக்கு இல்லை. நோட்டு வெற்று இடத்தில் இருந்தால் அந்த எண்கள் போர்டின் மையத்திலிருந்து அளந்தவை. ஃபிரேமுக்குள் (போர்டில் நோட்டுகளைத் தொகுக்கும் சட்டம்) இருந்தால், அந்த ஃபிரேமின் மேல் இடது மூலையிலிருந்து அளந்தவை. இந்த வேறுபாட்டை நாங்கள் கவனிக்கவில்லை. மூன்று ஃபிரேம்களில் பிரித்து ஒட்டியிருந்த நோட்டுகள் எல்லாம் எங்கள் அட்டவணையில் ஒரே குவியலாக வந்து விழுந்தன. நோட்டு எந்த ஃபிரேமுக்குள் இருக்கிறது என்று சொல்லும் பேரன்ட் ஐடியைப் பார்த்து, ஃபிரேம் வாரியாகப் பிரித்த பிறகுதான் சரியானது.

வரிசையும் அப்படித்தான். மேலிருந்து கீழாக அடுக்கினால் போதும் என்று நினைத்தோம். கையால் ஒட்டுகிற நோட்டுகள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. பக்கத்துப் பக்கத்து நோட்டுகளில் ஒன்றின் ஒய் 402, இன்னொன்றின் ஒய் 398. கண்ணுக்கு ஒரே வரிசை, கருவிக்கு இரண்டு. நோட்டின் உயரத்தில் பாதி வரை வித்தியாசம் இருந்தால் ஒரே வரிசை என்று விதி வைத்தோம். அந்த விதியையும், ஒய் கீழே போகப் போகத்தான் கூடும் என்பதையும் படம் போட்டு எழுதியிருக்கிறேன். கணக்குப் பாடத்தில் பார்த்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

எங்கள் தவறுகளில் எனக்கு இன்னும் உறுத்துவது முதல் காலாண்டில் நடந்தது. அறிக்கையை அனுப்பிய பிறகு ஒருவர் வந்து, "போர்டுல முப்பதுக்கு மேல நோட்டு இருக்கே, இதுல பத்துதானே வந்திருக்கு?" என்று கேட்டார். உருப்படிகளைக் கேட்கும்போது லிமிட் எதுவும் சொல்லாவிட்டால் மீரோ ஒரு தடவைக்கு 10 தான் தரும், கேட்டால் அதிகபட்சம் 50. மீதி வேண்டுமென்றால் அடுத்து எங்கிருந்து என்று காட்டப் பதிலோடு வரும் கர்சரைத் திருப்பிக் கொடுத்து, கர்சர் வராமல் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் அந்தச் சுற்றை எழுதவில்லை. பிழை என்று எந்தச் செய்தியும் வராது, எல்லாம் சரி என்று பொருள்படும் 200 என்றே பதில் வரும். இருபது பேருக்கு மேல் எழுதிய கருத்துகள் அறிக்கையில் விடுபட்டுப் போயின. அன்றிலிருந்து கருவி முடியும்போது எத்தனை நோட்டு எடுத்தது என்று கடைசி வரியில் காட்டுகிறது. அந்த எண்ணைப் போர்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று ஆவணத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அடுத்தது டோக்கன், அதாவது போர்டைப் படிக்கக் கருவி காட்டும் அனுமதிச் சாவி. காலாவதி வைத்த அக்செஸ் டோக்கன் ஒரு மணி நேரம் செல்லும், அதைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் டோக்கன் 60 நாள். தினமும் ஓடுகிற கருவிக்கு இதில் பிரச்சினையே இல்லை. எங்களுடையது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓடுவது, ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டுமே செத்திருக்கும். புதிதாக அனுமதி கொடுக்கும் படிகளைத் தனிப் பக்கமாக எழுதி, ரெட்ரோவுக்கு முந்தின நாள் செய்யும் வேலையாக மாற்றிவிட்டோம். போர்டைப் படிக்கும் அனுமதி மட்டும் போதும், எழுதும் அனுமதியைக் கேட்கவே வேண்டாம்.

போர்டின் ஐடியைக் காப்பி செய்யும்போது அதன் கடைசியில் உள்ள சமக்குறி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏபிஐயிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு மீரோ வைத்த, நிமிடத்துக்கு 1,00,000 கிரெடிட் என்ற வரம்பை ஒற்றைப் போர்டுக்கு நாங்கள் ஒருநாளும் நெருங்கியதில்லை. நூற்றுக்கணக்கான போர்டுகளை ஒரே மூச்சில் இறக்குகிறவர்கள் வரம்பு மீறியது என்ற 429 பதில் வந்தால் காத்திருந்து மறுபடி கேட்கும் வழியைக் கோடிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டுகளை இணைக்கும் அம்புக்கோடுகள் வேண்டும் என்றால், அவற்றைக் கனெக்டர் என்று தனி எண்ட்பாயிண்டில் கேட்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் தொடங்கும் உருப்படியின் ஐடியும் முடியும் உருப்படியின் ஐடியும் வரும். ஒட்டாமல் அந்தரத்தில் விட்ட முனைக்கு ஐடி இருக்காது. அதனால் போர்டில் வரைகிறவர்களுக்கும் ஆவணத்தில் ஒரு பக்கம் எழுதினேன்: அம்பின் நுனி நோட்டில் ஒட்டிக்கொண்டதா என்று நோட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், கோடும் கூடவே வர வேண்டும்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது நீக்கப்பட்ட நோட்டுகளைப் பற்றிய பக்கம். உருப்படிகளைக் கேட்டால் அந்த நேரத்தில் போர்டில் இருப்பது மட்டும்தான் வரும். நேற்று யாரோ அழித்த நோட்டு இன்றைய பதிலில் இல்லவே இல்லை. அதனால் கூட்டம் முடிந்த உடனே ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை என்று இரண்டு முறை இறக்கி, தேதி போட்டு வைக்கிறோம். இரண்டு ஃபைலையும் ஐடி வாரியாக ஒப்பிடும் கட்டளை இந்த வாரம்தான் தயாரானது. அதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுக்க வேண்டும்.