தொய்வில் (ஆஸ்துமாவில்) தழும்பை உண்டாக்குவது எது: அழற்சியா, இறுக்கமா?

காலபோக அறுவடை வந்துவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெட்டும் மெசின் கிளப்புகிற தூசியிலேயே தொய்வுள்ள பலருக்கு முட்டு, அதாவது மூச்சுத்திணறல், தொடங்கிவிடும். "கொஞ்சம் பொறு, தானாக விடும்" என்பார்கள். விடும்தான். ஆனால் விட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாய்ச் சுவரில் ஏதாவது மிஞ்சுகிறதா? சுவர் தடித்துத் தழும்பாவதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு.

பழையது, அழற்சியைக் குற்றம் சாட்டுவது. தூசியோ பூஞ்சையோ பட்டதும் மூச்சுக்குழாயின் உட்தோல் செல்கள் எச்சரிக்கைப் புரதங்களை விடுகின்றன. அவற்றால் தூண்டப்படும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் ஐஎல்-5 என்ற சமிக்ஞைப் புரதம் மூலம் ஈயோசினோபில்கள் என்ற வெள்ளை இரத்த அணுக்களைப் பெருக்குகின்றன. ஐஎல்-13 என்ற இன்னொரு புரதம் மூலம் சளிச் செல்களைப் பெருக்குகின்றன. இந்தக் கூட்டத்திலிருந்து டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிப் புரதம் வெளியாகிறது. அது நார்ச்செல்களைத் தூண்ட, உட்தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிந்து சுவர் தடிக்கிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும், ஐஎல்-5 ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் ஊசியும் முட்டு வருவதைக் குறைப்பது இந்த விளக்கத்துக்குச் சாதகம். இடிக்கும் இடமும் உண்டு: தொய்வுள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளின் திசு மாதிரிகளிலேயே இந்தத் தடிப்பு தெரிகிறது. பல வருட அழற்சியின் கடைசி விளைவு என்றால் இவ்வளவு சீக்கிரம் வருவானேன்?

இரண்டாவது விளக்கம் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையின் இறுக்கத்தைப் பிடிக்கிறது. தசை சுருங்கும்போது உட்தோல் மடிந்து செல்கள் நசுங்குகின்றன. அந்த நசுங்கலே பழுதுபார்க்கும் சமிக்ஞைகளைக் கிளப்பிவிடும் என்கிறது இது. 2011 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில் தொய்வுள்ள 48 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்குத் தூசிப்பூச்சி ஒவ்வாமைப் பொருள், சிலருக்கு வெறுமனே தசையை இறுக்கும் மெத்தகோலின். மெத்தகோலின் குழுவில் ஈயோசினோபில் ஏறவில்லை. கொலாஜன் படலம் மட்டும் தடித்தது. முதலில் தசையைத் தளர்த்தும் சல்பியூட்டமோலை (நீல இன்ஹேலர் மருந்து) எடுத்துவிட்டு மெத்தகோலினை இழுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. சிறிய ஆய்வு, சில நாள்தான் நடந்தது. ஆனாலும் எனக்கு இதன் பக்கம்தான் சாய்வு. "பொறு" என்ற சொல்லுக்கு விலை உண்டு என்று காட்டிவிட்டதே.

அதற்காக நீல இன்ஹேலரே போதும் என்று முடிவுகட்ட வேண்டாம். அது தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். தசையைத் தொட்டால் சுருங்கி நிலையில் வைத்திருப்பது அந்தப் பழைய அழற்சி. ஜினா என்ற உலக வழிகாட்டி 2019 முதல் பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நீலத்தை மட்டும் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டான புடெசோனைடும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெரோலும் சேர்ந்த இன்ஹேலர் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கவனிக்கிறது.

ஸ்டீராய்டின் பலன் அன்றே தெரியாது. நாட்கள், சில வாரங்கள்கூட ஆகும். தூசி எழும்பிய பிறகு தொடங்கினால் தாமதம்தான். கதிர் முற்றும்போதே கிளினிக்கில் கேட்டுத் தொடங்கி, முட்டு அடங்கிய பிறகும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும்.