அச்சடித்த ஆயிரம் பிரதியைப் பணமாக்குவது எப்படி? 1790–1825 அமெரிக்கப் பதிப்பாளருக்கு இருந்த வழிகள்

விடுதலை பெற்ற புதிதில் பிலடெல்பியாவிலோ பாஸ்டனிலோ ஒரு புத்தகத்தை அச்சடிப்பது அவ்வளவு பெரிய காரியமல்ல. போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பதுதான் காரியம். அதற்கு முக்கியமாக நாலு வழி இருந்தது.

ஆக்டேவோ அளவில், அதாவது ஒரு தாளை எட்டு ஏடாக மடிக்கும் அளவில், 320 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்படி மடித்த ஒரு தாள்தான் ஃபாரம்; ஃபாரத்துக்கு 16 பக்கம் என்றால் 20 ஃபாரம். 1,000 பிரதிக்கு 20,000 தாள். 480 தாள் கொண்ட ரீம் கணக்கில் ஏறக்குறைய 42 ரீம். மர அச்சுப்பொறியில் ஒருவர் மை தடவ, இன்னொருவர் கைப்பிடியை இழுக்க, மணிக்கு 250 தாளில் ஒரு பக்கம் விழுந்தால் நல்ல வேகம். இரு பக்கத்துக்கும் சேர்த்து 40,000 அச்சுப்பதிவு. பத்து மணி நேர வேலைநாளானால் 16 நாள். கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம்தான் செலவில் பெரும் பங்கு. ஒரு பிரதிகூட விற்பதற்கு முன்பே அந்தப் பணம் போய்விடும்.

அப்புறம் சந்தை. 1790 பதிப்புரிமைச் சட்டம் 14 ஆண்டும், ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டும் பாதுகாப்புத் தந்தது. ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டுமே. பிரிட்டிஷ் ஆசிரியரின் நூலை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நீங்கள் அடிக்கும் அதே நூலை நியூயார்க்கில் இன்னொருவர் அடித்துக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் லண்டனிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருக்கலாம். பிலடெல்பியா அச்சகத்தார் ராபர்ட் எயிட்கன் 1782இல் அமெரிக்கக் காங்கிரஸின் பரிந்துரையோடு பைபிள் அச்சிட்டார். மறு ஆண்டே பிரிட்டனோடு சமாதானம் வந்தது, மலிவான பிரிட்டிஷ் பைபிள்கள் துறைமுகத்தில் இறங்கின, அவர் நஷ்டப்பட்டார்.

சந்தா

முதலில் ஒரு விளம்பரத்தாள், மாதிரிப் பக்கம், பெயர் எழுதக் கோடிட்ட ஏடு. போதுமான பெயர் சேர்ந்தால் அச்சு. சேராவிட்டால் நஷ்டம் அந்த விளம்பரத்தாளோடு நின்றுவிடும். பெரிய, விலை கூடிய நூலுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. மாசசூசெட்ஸில் வூஸ்டர் ஊர் அச்சகத்தார் ஐசயா தாமஸ் தம் குவார்ட்டோ (தாளை நாலு ஏடாக மடிக்கும் பெரிய அளவு) பைபிளுக்கு 42 ஷில்லிங் விலை வைத்தபோது, பாதித் தொகையான 21 ஷில்லிங்குக்குக் கோதுமை, ரை தானியம், சோளம், வெண்ணெய், பன்றி இறைச்சி எதை வேண்டுமானாலும் தரலாம் என்று அறிவித்தார். 1790 டிசம்பர் 20க்குள் கடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மீதி 21 ஷில்லிங் மட்டும் புத்தகம் தயாரானதும் ரொக்கமாக. வாங்க மனசிருந்தும் கையில் காசில்லாத விவசாயிகள் நிறைந்த நாட்டில் இதைப் பெரிய வியாபார அறிவு என்றே சொல்வேன்.

சந்தாவின் பலவீனம் ஆள். வீடு வீடாக, ஊர் ஊராகப் போய்ப் பெயர் வாங்க வேண்டும். பிறகு அதே ஆள் புத்தகத்தோடு திரும்பிப் போய்ப் பணம் வாங்க வேண்டும். பிலடெல்பியாப் பதிப்பாளர் மேத்யூ கேரிக்கு அப்படிக் கிடைத்தவர் மேசன் லாக் வீம்ஸ் பாதிரியார். சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிய கதையைப் பரப்பியவர் இவர்தான். வர்ஜீனியா முதல் ஜார்ஜியா வரை வண்டியில் அலைந்தார். நீதிமன்றம் கூடும் நாள், தேர்தல் நாள் எல்லாம் அவருக்குச் சந்தை நாள், ஏனென்றால் அன்றுதான் சுற்றுவட்டார மக்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். புத்தகப் பெட்டி ஒரு வாரம் தாமதித்தால் அந்த நாள் போயிற்று. சொன்னதைவிட மட்டமான பைண்டிங் வந்தாலும், பல தொகுதி நூலின் பின் தொகுதிகள் இழுத்தடித்தாலும், கையெழுத்துப் போட்டவர் வாங்க மறுப்பார். வீம்ஸுக்கும் கேரிக்கும் ஓயாத கடிதச் சண்டை இதைப் பற்றியதுதான்: கேட்டது வராமல் கேட்காத கனமான இறையியல் நூல்கள் வந்து சேர்கின்றன என்பது வீம்ஸின் புகார், கணக்கு வரவில்லை என்பது கேரியின் புகார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

மாற்று

சந்தாவுக்குத் தாங்காத சிறு நூல்களுக்கு மாற்றுதான் வழக்கம். நீங்கள் அடித்ததில் 100 பிரதியைத் தைக்காத ஃபாரங்களாகவே பாஸ்டன் வியாபாரிக்கு அனுப்புகிறீர்கள். அவர் தம் நூல்களை அதே மதிப்புக்கு அனுப்புகிறார். ரொக்கம் கைமாறுவதில்லை. ஒரே நூலின் ஆயிரம் பிரதி, கடையில் பல நூல்களின் சரக்காக மாறிவிடும். பார்க்க அருமையான ஏற்பாடு.

சிக்கல் கட்டைப் பிரிக்கும்போது தெரியும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து அடித்திருக்கும். 23 எழுத்து வரிசைதான். ஜே, வி, டபிள்யூ வராது. பைண்டர் அந்த வரிசையைப் பார்த்துத்தான் அடுக்குவார். ‘எம்’ ஃபாரம் 100க்குப் பதில் 94 இருந்தால் ஆறு பிரதி முடங்கும். குறையும் ஃபாரங்களைக் கேட்டுக் கடிதம் எழுதி, அவை வந்துசேர வாரங்கள் ஆகும்.

இதைவிடப் பெரிய கேடு தரத்தில். சரக்குக்குச் சரக்கு என்றால், மட்டமான சரக்கைக் கொடுத்து நல்லதை வாங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். பெரிய அளவில் மாற்று நடந்தபோது இதுதான் ஆயிற்று: ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட், லைப்சிக் புத்தகச் சந்தைகளைப் பார்த்து, கேரியின் முயற்சியால் 1802 ஜூனில் நியூயார்க்கில் முதல் புத்தகச் சந்தை கூடியது. மூத்த வியாபாரி ஹ்யூ கெயின் தலைவர். சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. உள்ளூர் அச்சகத்தார், நன்றாக ஓடும் நூல்களையே தேய்ந்த எழுத்திலும் மோசமான காகிதத்திலும் அடித்து மாற்றுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல பதிப்பு வைத்திருந்த பெரிய பதிப்பாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மாற்று ஒருவரையொருவர் அறிந்த நாலைந்து பேருக்குள்தான் சரிப்படும், சந்தையளவுக்கு விரிந்தால் கெடும் என்பது என் கணிப்பு.

கமிஷனும் கடனும்

சரக்கை அனுப்பிவைத்து, விற்ற பிறகு கழிவு போக மீதி வாங்குவது ஒரு வகை. விற்காதது அழுக்கேறி, முனை மடங்கித் திரும்பி வரும். ஆறு மாதத் தவணைக் கடன்சீட்டுக்கு விற்பது இன்னொரு வகை. அந்தச் சீட்டை வங்கியில் மாற்ற வேறொரு வியாபாரி கடனுக்குப் பொறுப்பேற்றுப் போடும் பின்கையெழுத்து வேண்டும். அவருக்கு நீங்கள் போட வேண்டும். ஒருவர் திவாலானால் கையெழுத்துப் போட்டவர் எல்லோர் கதவையும் கடன் தட்டும். நாலில் மிக மோசமான வழி இதுதான். ஆனாலும் எல்லோரும் செய்தார்கள், காரணம் தெற்கிலும் மேற்கிலும் கடை வைத்திருந்தவர்களிடம் ரொக்கம் கிடையாது.

வணிக ஏலம்

1824இல் பிலடெல்பியாவில், கேரியின் மகன் ஹென்றி சி. கேரியின் முயற்சியில், வியாபாரிகளுக்கு மட்டுமான ஏலம் தொடங்கியது. பட்டியல் முன்கூட்டியே போகும். வெளியூர்க்காரர்கள் வந்து ஒரே இடத்தில் மொத்தமாக எடுப்பார்கள். மாற்றில் பல மாதம் கிடக்கும் சரக்கு இங்கே சில நாளில் நகரும், விலையும் எல்லோர் முன்னிலையில் தெரிந்துவிடும். ஆனால் ஏலத்தில் மலிவாக எடுத்தவர் வெளியே விலையை உடைப்பார்; முந்தின வாரம் சாதாரணக் கழிவில் வாங்கிய கடைக்காரருக்கு அது அடி. ஆகவே ஒரு நூலின் எத்தனை பிரதியை ஏலத்துக்கு விடுவது என்பதில்தான் பதிப்பாளரின் சாமர்த்தியம்.

பைபிளுக்கு மட்டும் கணக்கு வேறு. கேரி தம் குவார்ட்டோ பைபிளின் ஈய எழுத்தைக் கலைக்காமல் பக்கம் பக்கமாகக் கட்டியே வைத்திருந்தார். எழுத்தில் முடங்கும் முதலீடு மிகப் பெரிது. ஆனால் மொத்தமாக அடித்துக் குவிக்க வேண்டாம், தேவைக்கேற்ப அடிக்கலாம், படம், பைண்டிங் மாற்றிப் பல விலைக்குத் தரலாம். 1813 முதல் நியூயார்க்கில் ஸ்டீரியோடைப் தகடு, அதாவது கோத்த பக்கத்தை அப்படியே ஒரே உலோகத் தகடாக, வார்க்கத் தொடங்கிய பிறகு, அந்த எழுத்தையும் முடக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பாடநூலுக்கு இந்த நாலும் தேவைப்படவில்லை. நோவா வெப்ஸ்டர் 1783இல் ஹார்ட்ஃபர்டில் வெளியிட்ட எழுத்துக்கூட்டுப் பாடநூலுக்குப் பிரதிகளை நாடெங்கும் அனுப்பாமல், அச்சிடும் உரிமையையே பகுதி பகுதியாக விற்றார். கனமான பெட்டிகள் சேற்றுப்பாதையில் போக வேண்டியதில்லை. அந்தந்தப் பகுதி அச்சகத்தாரே தம் காகிதத்தில், தம் செலவில் அடித்துக்கொண்டார்கள்.