மூன்றாவது சுழியில் கழன்றுவிடும்

கணினியோடு வயரில் இணைத்துப் பேனாவால் கீறுகிற என் பலகையின், அதுதான் பென் டப்ளட்டின், வயர் சொருகும் ஓட்டையைப் போன கிழமை நான்காவது தடவையாக ஈயம் வைத்து ஒட்டியாயிற்று. கிளிநொச்சியில் போன் திருத்தும் அண்ணா பலகையைத் திறந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, இனி ஒட்ட இடமில்லை. செப்புத் தடமும் சேர்ந்து கழண்டிட்டுது. இந்த முறை வயர் இழுத்து விட்டிருக்கிறன். அடுத்த முறை கொண்டு வராதேங்கோ" என்றார். 500 ரூபாதான் வாங்கினார். முதல் தடவை 1,200 வாங்கியவர். கூலி குறையக் குறைய எனக்குப் பயம்தான் கூடியது. வைத்தியர் காசு வேண்டாம் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

அதே கிழமை மல்லாவியிலிருந்து சித்தியின் மகள் கேட்டாள்: "அக்கா, நானும் டிசைன் படிக்கப் போறன். பென் டப்ளட் வாங்கவோ? உங்கடை மாதிரி ஒண்டு காணுமோ?" குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். ஏழு நிமிடம் தாண்டியும் நான் இன்னும் வயரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதை அழித்துவிட்டு எழுதுகிறேன்.

பலகை சின்னது, ஆறுக்கு நாலு அங்குலம். திரை இல்லை. கீழே பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டு கீற வேண்டும். மற்ற விபரமெல்லாம் கடைக்காரர் சொல்வார். 8,192 அழுத்த நிலை என்று பெட்டியில் போட்டிருந்தது. என் கைக்குத் தெரிந்த நிலைகள் மூன்று: மெதுவாக, வழமையாக, கோபமாக.

2022 மாசியில் 12,500 ரூபாவுக்கு வாங்கினேன். அடுத்த மாதமே ரூபா விழத் தொடங்கியது. இருநூறு அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் முந்நூற்றைம்பதையும் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு அதே பலகையின் விலையைக் கேட்டவர்கள் கேட்டதோடு சரி. என் வாழ்க்கையில் நேரத்துக்குச் செய்த ஒரே கொள்வனவு இதுதான் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

பாடநெறி தொடங்கியதும் கரண்ட் இல்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நிறுத்தினார்கள். என் லப்டொப்பின் பற்றரி நல்லாயிருந்தால் இரண்டு மணித்தியாலம் நிற்கும். வகுப்பில் எல்லோரும் போன், பவர்பாங்க், டோர்ச் என்று எதையாவது சார்ஜில் போட இடம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பேனா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் பற்றரியே இல்லை. பலகைக்குள் இருக்கும் செப்புச் சுருள்கள் மின்காந்தப் புலத்தை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் அதில் அதிர்ந்து பதில் கொடுக்கிறது. எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதெல்லாம் அதிலேயே வந்துவிடும். மூன்றரை வருடத்தில் பேனா ஒரு நாளும் பிழை விட்டதில்லை. முனை தேயும், அவ்வளவுதான். அதுவும் சோளகம் அடிக்கிற மாதங்களில் கொஞ்சம் வேகமாகத் தேயும். எங்கள் கிரவல் றோட்டுத் தூசி பலகையில் படிந்தால் அரத்தாள் மாதிரி ஆகிவிடும். கீறமுன் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும்.

இவ்வளவு நல்ல பேனாவைச் செய்தவர்கள் வயர் சொருகும் ஓட்டையை மட்டும் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

மைக்ரோ யூஎஸ்பி. பழைய போன்களில் வருமே, அது. அந்தச் சொருகியைப் பத்தாயிரம் தடவை சொருகிக் கழற்றலாம் என்று தரவிதி சொல்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று வைத்தாலும் பதின்மூன்று வருடம் வர வேண்டும். எனக்கு எட்டாவது மாதத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டது. பிறகுதான் விளங்கியது, சொருகுவதால் அது சாவதில்லை, பக்கவாட்டில் வளைவதால்தான் சாகிறது. அந்த ஓட்டை முழுவதும் பலகைக்குள் இருக்கும் மின்சுற்றுத் தகட்டில் நாலைந்து மெல்லிய ஈயப் புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நான் நிலத்தில் சம்மாணம் போட்டிருந்து மடியில் வைத்துக் கீறுகிறவள். வயர் முழங்காலில் இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் அந்தப் புள்ளிகளில் ஒரு மயிரிழை வெடிப்பு.

பஸ்ஸையும் சொல்ல வேண்டும். விசுவமடுவிலிருந்து பரந்தனுக்கு வந்து கிளிநொச்சிக்குப் போகிற காலைப் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். புத்தகப்பையை முன்னால் மாட்டிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். வயரைக் கழற்றாமல் பைக்குள் வைத்தது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாணவி பஸ்ஸில்தான் போவாள் என்று செய்தவர்கள் யோசித்திருக்கலாம். சரி, அவர்கள் விசுவமடுவை எங்கே கண்டார்கள்.

கழன்றால் என்ன நடக்கும்? கீறிக்கொண்டிருக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். அம்பு அப்படியே நின்றுவிடும். வயரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் திரும்ப ஒரு 'டிங்'. அம்பு வரும். கோடு போய்விட்டிருக்கும்.

படம் கீறுகிறவர்களுக்கு இது பெரிய விடயமில்லை. கோட்டை அழித்துத் திரும்பக் கீறலாம். எனக்கு இது ஏன் உயிர்போகிற விடயம் என்றால், நான் இந்தப் பலகையில் படம் கீறுவதை விட எழுத்து எழுதுவதுதான் கூட.

அது இப்படித் தொடங்கியது. முதலாவது பெரிய ஒப்படையாக ஒரு விழாவுக்குச் சுவரொட்டி செய்யச் சொன்னார்கள். நான் வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலை எடுத்தேன். கடல்நீரில் எரிகிற விளக்கை நடுவில் வைத்து, மேலே 'வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல்' என்று போட வேண்டும். எழுத்தைத் தட்டினேன். 'பளை'யில் கொம்பு ளகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'பொங்கல்' மூன்று துண்டாக, ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். சேர் வந்து பார்த்துவிட்டு, "பாமினியிலை போடுங்கோ" என்று ஒரு பழைய எழுத்துருவின் பேரைச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஏன் உடைகிறது என்று யாரும் படிப்பிக்கவில்லை. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோட்டில் 'பொ' என்பது முதலில் பகரம், பிறகு ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் நிறுத்துவது எழுத்தைக் காட்டுகிற மென்பொருளின் வேலை. எங்களுக்குப் படிப்பித்த மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஒரு தெரிவு அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் எல்லாம் சரி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம். இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் இந்தப் பிரச்சினையே இல்லை, காசும் இல்லை. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு வருடாவருடம் மோதகம் அனுப்பியிருப்பேன்.

பாமினி வேறு உலகம். அங்கே எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தின் முகமூடி. ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி அடித்தால் 'தமிழ்' என்று தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று வெறும் ஆங்கிலக் குப்பை. நான் வேலை கொண்டுபோகிற அச்சகத்தில் ஒரு ஐயா இருக்கிறார். அந்தக் குப்பையை அப்படியே தமிழாக வாசிப்பார். ஒரு நாள் எழுத்துரு இல்லாமல் திறந்த அழைப்பிதழை ஒரு மூச்சில் வாசித்துவிட்டு, "பிள்ளை, மணமகன்ரை தகப்பன்ரை பேரிலை ஒரு எழுத்துப் பிழை" என்றார். பார்த்தேன். பிழைதான்.

நான் அந்தச் சுவரொட்டிக்கு இரண்டையும் விட்டுவிட்டுக் கையால் எழுதினேன். கிரிட்டா என்ற படம் கீறும் மென்பொருளைத் திறந்து, பேனாவை எடுத்து, 'கண்ணகி' என்று. முதலில் எழுத்தெல்லாம் அகலமாக, படுத்துக் கிடந்தன. வட்டம் போட்டால் கோழிமுட்டை. இரண்டு மாதம் என் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பலகை மூன்றுக்கு இரண்டு, திரை பதினாறுக்கு ஒன்பது. இரண்டையும் ஒரே விகிதத்தில் வை என்று பலகையின் அமைப்பில் ஒரு சரி அடையாளம் போட வேண்டும். வாங்கினால் முதலில் அதைப் போடு, தங்கச்சி. மற்றதெல்லாம் பிறகு.

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் எதிர்பாராத சந்தோசம். முதலாம் வகுப்பில் மணலில் விரலால் எழுதிய அதே அசைவு. அகரத்தின் சுழியில் தொடங்கி, வளைந்து, கீழே இறங்கி, தண்டில் முடிக்கும்போது கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கிரிட்டாவில் 'நிலைப்படுத்தி' என்று ஒரு வசதி இருக்கிறது, கை நடுக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அதைக் கூட வைத்தால் சின்னச் சுழிகளை விழுங்கிவிடும், கவனம். சுட்டியால் இதைச் செய்யவே முடியாது. செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

இனி 'கண்ணகி'யைப் பாருங்கள். மூன்று சுழி ணகரம் இரண்டு. ஆறு சுழி. அழுத்தி, மூச்சைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்றாவதில் கை வலப்பக்கம் வளையும்போது பலகையும் ஒரு நூல் அசையும். 'டிங்'. மூன்று சுழி இரண்டு சுழியாக நின்றுவிடும். என் கோப்புறைக்குள் 'கன்னகி' என்று பதினொரு கோப்புகள் இருக்கின்றன. அம்மன் மன்னிப்பா.

படிப்பு முடிந்த பிறகு வருகிற வேலை எது என்று தங்கச்சி கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாடநெறியில் செயலி வடிவமைப்பு, இலச்சினை, நிறக்கோட்பாடு எல்லாம் படிப்பித்தார்கள். அச்சுக்குப் போகும்போது படத்தை வெட்டும் ஓரத்துக்கு வெளியே மூன்று மில்லிமீற்றர் நீட்டி விட வேண்டும், திரையில் தெரிகிற நீலம் அச்சில் வராது என்பதையெல்லாம் நல்லாய்ப் படிப்பித்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே வருகிற வேலை கண்ணீர் அஞ்சலிப் பதாகை, இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அடிக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டு, சாமத்தியவீட்டு அழைப்பிதழ். அதிலும் கல்வெட்டுத்தான் கூட.

கல்வெட்டுக்கு ஒரு படம் வேண்டும். வன்னியில் எத்தனை வீடுகளில் அல்பம் இருக்கிறது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பதுங்குகுழிக்குள்ளும் தண்ணிக்குள்ளும் போனது போக, மிஞ்சியது பழைய அடையாள அட்டை. பெருவிரல் நகம் அளவு கறுப்பு வெள்ளைப் படம், மேலே பிளாஸ்டிக் கீறல். அதைக் கொண்டுவந்து, "இதைப் பெரிசாக்கித் தாங்கோ" என்பார்கள்.

இந்த வேலைக்குத்தான் பலகையை வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது, வாங்கும்போது தெரியாவிட்டாலும். கீறல்களை ஒவ்வொன்றாக எடுத்து, தலைமயிரின் ஓரத்தை ஒவ்வொரு இழையாகத் திரும்பக் கீறி, சேட்டின் கொலரைப் பிறகு போட்டு. மெதுவாக அழுத்தினால் மெல்லிய மயிர், கொஞ்சம் அழுத்தினால் மீசை. ஒரு முறை ஒரு அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டார். நான் உதட்டின் ஒரு பக்கம் கோணலாகத் தெரிந்ததைக் கீறல் என்று நினைத்துச் சரிசெய்யப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "பிள்ளை, அதிலை கை வைக்காதேங்கோ. அவற்றை சிரிப்பு அப்பிடித்தான்." அந்தக் கோணலை விட்டுவிட்டு மற்றதை முடித்தேன். அன்றைக்கு மூன்று மணித்தியாலம் வயர் ஒரு தடவையும் கழலவில்லை. அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் அசையாமல் இருந்தேனோ என்னவோ.

பிறகு எல் வடிவத்தில் வளைந்த வயர் ஒன்று வாங்கினேன். அது உண்மையில் உதவியது. ஆறு மாதம் நிம்மதி. ஒரு இறப்பர் வளையத்தால் வயரைப் பலகையோடு சேர்த்துக் கட்டுவதையும் பழகிக்கொண்டேன். இவ்வளவையும் செய்து வைத்திருக்க, பூனை பாய்ந்தது. அதுதான் நான்காவது தடவை. பூனையைக் குற்றம் சொல்லலாம். நான் ஓட்டையைத்தான் சொல்வேன்.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில். பேனாவுக்குப் பத்துக்குப் பத்து. பலகையின் மேற்பரப்புக்கு எட்டு. மூன்றரை வருடத்தில் போட்ட காசைப் பல மடங்காகத் திருப்பித் தந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் இதை வாங்காதே. யூஎஸ்பி சி வகை ஓட்டை உள்ளதாகப் பார், இரண்டாயிரம் கூடக் கொடுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. மைக்ரோ என்று ஒரு சொல் பெட்டியில் இருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடு.

இதைச் சொன்னதும் அவள், "அப்ப உங்கடை பழசை எனக்குத் தாறியளோ? நான் ஒட்டி வைச்சுப் பாவிக்கிறன்" என்று கேட்டாள்.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு முப்பத்தொன்று இருக்கிறது.