செவ்வாய்ப்பேட்டைப் பழைய புத்தகக் கடை: பக்தியும் மறுப்பும் ஒரே அலமாரியில்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சந்து ஒன்றுக்குள் இருக்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. உரிமையாளரும் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரும்பாலான நூல்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. சில பிரதிகளைப் பூச்சி அரித்திருப்பதால் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

கடையின் சிறப்பு அதன் சமய அலமாரி. தேவாரத் திரட்டு, திருக்குர்ஆன் தமிழாக்கங்கள், விவிலியம், கடவுள் மறுப்புச் சிறுநூல்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்க, அவற்றுக்கு நடுவில் சித்தர் பாடல்கள் நிற்கின்றன. சிவனைப் பாடிய நாவாலேயே கல்லுக்குச் செய்யும் பூசையைக் கடிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நம்பிக்கையைக் கேள்வி கேட்பது வெளியிலிருந்து வந்த வழக்கமன்று என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

உள்ளூர் வரலாற்றுப் பகுதியும் நன்று. மசூதி இருக்கும் வழியில் ஊர்வலம் செல்வது பற்றிய பூசல் முற்றி 1882-இல் சேலத்தில் வெடித்த கலவரத்தையும், அதில் தண்டனை பெற்றுப் பின்னர் விடுதலையாகி, 1920-இல் நாகபுரி காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சி. விஜயராகவாச்சாரியாரையும் பற்றிய நூல்கள் இங்கே உண்டு. 1971 ஜனவரியில் பெரியார் இங்கு நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் இந்துக் கடவுளர் படங்கள் அவமதிக்கப்பட்டனவா என்பது பற்றி இரு தரப்பாரும் எழுதியவை அருகருகே கிடைக்கின்றன. அன்று நடந்தது என்ன என்பதில் 2020-இலும் சர்ச்சை மூண்டதை நினைத்தால், இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கிப் படிக்க முடிவது பெரிய வசதி.

ஒரு மதத்தைச் சேர்ந்த மனிதர்களையே இழிவுபடுத்தி, அவர்களை விரட்டச் சொல்லும் துண்டு வெளியீடுகளை மட்டும் உரிமையாளர் வாங்குவதில்லை. அதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஒரு கொள்கையை மறுப்பது வேறு, பக்கத்து வீட்டாரை வாழவிடாமல் செய்வது வேறு. 1927-இல் சேர்க்கப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 295அ பிரிவும் வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்யும் சமய நிந்தனையையே குற்றமாக்கியது. 1957-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொன்னபோது பொது அமைதியையே காரணமாகக் காட்டியது. அரசமைப்பின் 19(2) பிரிவு அடுக்கும் கட்டுப்பாடுகளில் ‘மனம் புண்படுதல்’ என்ற ஒன்று இல்லை.

ஆகவேதான் கடையின் ஒரே குறை என்னை உறுத்துகிறது. சமய, சாதி அமைப்புகளின் எதிர்ப்புக்கு உள்ளான பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் மேசைக்கு அடியில் கிடக்கிறது. கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். அண்டை மாவட்டமான நாமக்கல்லில் 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில், அவர் மன்னிப்புக் கேட்டு நூலைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஏற்பட்ட உடன்பாடு அந்த எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காத நூலைப் படிக்க யாருக்கும் கட்டாயமில்லை என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையிலேயே தீர்ப்பளித்துவிட்டது. பத்துப் பேர் திரண்டு வந்து வாசலை மறித்தால் தனி ஆளாக என்ன செய்வது என்ற உரிமையாளரின் அச்சம் நியாயமானதே. அவருக்குப் பாதுகாப்புத் தர வேண்டியது காவல்துறையின் கடமை. எனினும் அந்த நாவலை மற்ற நாவல்களோடு வெளியே வைக்குமாறு அவரிடம் கேட்டிருக்கிறேன். செல்லும் வாசகர்களும் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் அவருக்குத் துணிவு பிறக்கும்.