இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு எந்தக் கீசர்: மின்சாரமா, கேஸா?

மண்டபத்தில் எங்கள் வீட்டில் 15 லிட்டர் மின் கீசரும், கீழக்கரையில் என் தங்கை வீட்டில் கேஸ் கீசரும் சில ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் கரையில் கீசர் வாங்குவோர், உப்பையும் காற்றையும் அது தாங்குமா என்பதை முதலில் கேட்டுவிட்டு, எரிபொருள் செலவைப் பிறகு பார்க்கலாம்.

ஏனெனில், ஊட்டியைப் போலன்றி இங்கே மார்கழியிலும் தொட்டித் தண்ணீர் கடுமையாகக் குளிர்வதில்லை. 20 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 300 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய 0.35 யூனிட் மின்சாரம் போதும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து நீருக்குச் சேரும் வெப்பம் சுமார் 140 யூனிட்டுக்கு ஈடாகும். சிலிண்டர் விலையை 140-ஆல் வகுத்து, தம் மின்கட்டணத்தில் கடைசி யூனிட்டுக்கு விழும் விலையோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுவதால், ஏ.சி. ஓடும் வீட்டுக்குக் கேஸும் சிறு குடும்பத்துக்கு மின்சாரமும் மலிவாக வரக்கூடும். எப்படியானாலும் வேறுபாடு பெரிதன்று.

கேஸ் கீசரில் எனக்குள்ள கவலை உயிரைப் பற்றியது. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அதை மாட்டினால், எரிவதற்குக் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, உள்ளே குளிப்பவரை எச்சரிக்கை எதுவுமின்றி மயங்கி விழச்செய்யும். ஆகவே அதை வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும். தங்கை வீட்டில் கொல்லைப்புறச் சுவரில் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் சுடர் அணைந்து, பாதுகாப்பு வால்வு கேஸை நிறுத்திவிட, தலையில் சோப்போடு நிற்பவர் மேல் பச்சைத் தண்ணீர் கொட்டுகிறது. சுடரைப் பற்றவைக்கும் பேட்டரியின் முனைகளில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு ஏறுகிறது. மேல்நிலைத் தொட்டி போதிய உயரத்தில் இல்லாவிட்டால், நீரழுத்தம் குறைந்து அது எரியவே மறுக்கும். இத்தனைக்கும் நடுவில் அதன் சிறப்பையும் சொல்லியாக வேண்டும்: மின்தடையிலும் அது வேலை செய்யும், ஒருவர் பின் ஒருவராக எத்தனை பேர் குளித்தாலும் வெந்நீர் தீர்வதில்லை. இராமேசுவரத்தில் யாத்திரிகர்களுக்கு அறை விடுவோருக்கு, காற்று மறைவான இடமிருந்தால், அதுவே பொருத்தம்.

மின் கீசருக்குப் பகை, நம் ஆழ்துளைக் கிணற்று நீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காயிலின் மேல் வெள்ளையாகப் படிய, நீர் சூடாக நேரமாகிறது. சூடு மிகுந்தால் படிவும் மிகும் என்பதால், தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு அருகில் வைப்பது நல்லது. தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆனோடு ராடு, தான் அரிக்கப்பட்டுத் தொட்டியைக் காக்கிறது. உப்பு நீரில் அது விரைவாகக் கரையும் என்பதை விற்பவரும் மாட்டுபவரும் பெரும்பாலும் சொல்வதில்லை; ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்க்கும் வீட்டில்தான் தொட்டி நீடிக்கிறது. சரியான எர்த் இணைப்பும், மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் கீசரை இயக்கவே கூடாது.

இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தால், இக்கரையின் பெரும்பாலான குடும்பங்களுக்கு உட்பூச்சுள்ள தொட்டியோடு கூடிய 15 லிட்டர் மின் கீசரையே பரிந்துரைப்பேன். மாற்று ஆனோடு ராடு கிடைக்குமா, அதை மாற்றித்தர இராமநாதபுரத்தில் ஆள் உண்டா என்பதைப் பில் போடுமுன் கேளுங்கள். உத்தரவாத அட்டையில் நீரின் உப்புக்கு வரம்பு போட்டிருக்கிறார்களா என்பதையும் அங்கேயே படித்துவிடுங்கள்.